உப்புக் கரைந்த ஏசென்

கோக்-போரு ஆட்டத்தில் ஏசென் இறங்குகிறான் என்றாலே எதிரணிக்காரர்கள் கடிவாளத்தை இறுக்கிப் பிடிப்பார்கள். தலை வெட்டிய ஆட்டுடலைக் குதிரைமேலிருந்தே குனிந்து ஒற்றைக் கையால் அள்ளுவான். தொடைக்கடியில் அமுக்கிக்கொண்டு, முகத்தில் முழங்கை இடித்தாலும் நிற்காமல் கொண்டுபோய் எதிரணிக் குழியில் வீசுவான். நாரின் மலை வட்டாரத்தில் அவனிடம் விலா உடைபடாத ஆட்டக்காரர்கள் குறைவு.

முப்பத்தெட்டு வயதில் அந்த உடம்பு சுணங்கியது. முகம் ஊதியது, குரல் கரகரத்தது. கோடையிலும் கம்பளிக் கோட்டைக் கழற்றவில்லை. கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும்.

"ஆட்டைத் தூக்குடான்னா அதுகூடவே படுத்துக்கிறியே!" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். சிரித்தவன் ஒருவனின் மூக்கை ஏசென் உடைத்தான்.

தண்ணீர் போதவில்லை, அதனால்தான் நரம்பு இழுக்கிறது என்று யாரோ சொல்ல, வாளி வாளியாகக் குடித்தான். குடிக்கக் குடிக்கத் தலை இடித்தது.

இலையுதிர்காலப் போட்டியன்று காலையிலேயே வாந்தி. மனைவி புருல் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு வேணாங்க" என்றாள். அவளைத் தள்ளிவிட்டுப் போனான்.

பாதி ஆட்டத்தில் குதிரையிலிருந்து விழுந்தான். அவன் தம்பி மிர்லான், அதே அணிக்காரன், குதித்து ஓடிவந்து தூக்கினான். ஏசெனுக்கு அது தம்பி என்று தெரியவில்லை. சவுக்கின் மரப்பிடியால் அவன் கண்ணில் அடித்தான். "அண்ணே, நான் மிர்லான்!" என்று அவன் அலற அலற மறுபடி அடித்தான். நாலு பேர் சேர்ந்து பிடித்து இழுத்தபோது ஏசெனின் பல் கிட்டித்தது, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. இருவரையும் ஒரே வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"குடிச்சிருக்காரா?" என்று கேட்டார் டாக்டர் ரைகான்.

"வெறும் பச்சத்தண்ணிதான் டாக்டரம்மா," என்றாள் புருல். " வாளிக்கணக்குல."

ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு அதலபாதாளத்தில் கிடந்தது. ரைகான் கழுத்தைத் தடவிப் பார்த்து, இன்னொரு பரிசோதனைக்கும் எழுதினார். முடிவு வந்ததும் புருலைக் கூப்பிட்டார்.

"கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பி தூங்கிடுச்சும்மா. அது மந்தமானா சிறுநீரகம் தண்ணியச் சரியா வெளியேத்தாது. உள்ள தேங்கின தண்ணி உப்பக் கரைச்சிடுச்சு. மூளை வீங்கித்தான் ஆள் தெரியாம அடிச்சிருக்காரு."

"இப்பவே நிறைய உப்பு ஏத்துங்களேன்!"

"ஒரேயடியா ஏத்தினா மூளை கெட்டுப்போகும். சொட்டுச் சொட்டாத்தான்."

எட்டாம் நாள் ஏசெனுக்குத் தெளிவு வந்தது. மிர்லானின் இடது கண் போய்விட்டது என்று புருல்தான் சொன்னாள். ஏசென் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வீடு திரும்பிய அன்றே ஏசென் தம்பி வீட்டு வாசலில் போய் நின்றான். மிர்லான் வெளியே பாய்ந்து வந்தான். முகத்திலும் வயிற்றிலும் குத்தினான், விழுந்தவனை உதைத்தான். ஏசெனின் இரண்டு பற்கள் சேற்றில் விழுந்தன.

"திருப்பி அடிண்ணே!" என்று அழுதுகொண்டே கத்தினான்.

"நான்தான் அடிச்சாச்சேடா."

அண்ணன் தம்பிக்குள் ஒரு வருடம் பேச்சில்லை. தைராய்டு மாத்திரையில் ஏசெனின் வீக்கம் வடிந்தது, குரல் திரும்பியது. அடுத்த இலையுதிர்காலத்தில் மிர்லான் ஒற்றைக் கண்ணோடு ஆட்டத்துக்கு வந்தான். ஏசென் தன் குதிரையை அவனுடைய கண் தெரியாத இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினான்.

மிர்லான் திரும்பிப் பார்க்காமலே கேட்டான்: "காலையில மாத்திரை போட்டியாண்ணே? என்கிட்ட ஒரு கண்ணுதான் மிச்சம் இருக்கு."