ஸ்டான்லி ஏறாத பஸ்

என் தங்கை தமிழ்ச்செல்வியைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளை பெரிய வண்டி ஓட்டுகிறார் என்றுதான் சொன்னார்கள். வண்டிக்குக் கூரை இருக்காது என்று ஒருவரும் சொல்லவில்லை.

எனக்குப் பொத்தேரியில் ஒரு சின்ன ஓட்டல். கல்லூரி விடுதிப் பையன்களுக்குப் பரோட்டா போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறேன். கல்யாணம் முடிந்த இரண்டாவது மாதம், ஒருநாள் காலை கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் எட்டு வண்டிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு நீளமான இரும்புச் சட்டம், கீழே சக்கரங்கள், முன்னால் இன்ஜின், ஒரு ஸ்டியரிங். அவ்வளவுதான். கதவில்லை, கண்ணாடியில்லை. ஒரு மரப்பலகையைக் கட்டி, அதன்மேல் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் முகத்தைச் சுற்றித் துண்டுமாக ஒவ்வொரு ஆள் உட்கார்ந்திருந்தான். மூன்றாவது வண்டியில் இருந்தவர் என்னைப் பார்த்துக் கையாட்டினார். துண்டை இறக்கியபோதுதான் தெரிந்தது, அது எங்கள் வீட்டு மாப்பிள்ளை. அன்று சாயங்காலமே தங்கை வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவள், "தெரியும்ணா, எங்கிட்ட சொல்ட்டுதான் கட்டிகினாரு" என்று சொல்லிவிட்டு, பழைய சேலையைக் கிழித்து இலவம்பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பலகையில் போட்டு உட்காருவதற்கு மெத்தையாம்.

பாடி கட்டாத வண்டிக்குச் சேஸ் வண்டி என்று பெயர். சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த ஒரு யார்டில் அவற்றை எடுத்து, வங்கதேச எல்லை வரை ஓட்டிக்கொண்டு போய், அந்தப் பக்கம் பெனாபோல் யார்டில் விட்டுவிட்டு வருவதுதான் மாப்பிள்ளை ஸ்டான்லியின் வேலை. ஆந்திரா, ஒரிசா, கல்கத்தா என்று போக ஏழு நாள். எல்லையில் காத்திருக்கும் நாள் தனிக்கணக்கு. வருவது கோரமண்டல் ரயிலில், ரிசர்வ் செய்யாத பெட்டியில். வெயிலும் மழையும் நேராக நெஞ்சில் அடிக்கும். முதல் பத்து வருஷத்தில் அவர் நிறமே இரண்டு முறை மாறியது என்று நான் கிண்டல் செய்வேன். அவரும் சிரிப்பார். கோபமே வராத மனிதர். அதனாலேயே அவர்மேல் எனக்கு அடிக்கடி கோபம் வரும்.

சேஸ் ஓட்டுகிறவர்களுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. பலகையும் கயிறும் வண்டியோடு போய்விடும்; அந்தப் பக்கத்து டிரைவர் அதில் உட்கார்ந்துதான் பாடி கட்டுகிற பட்டறைக்கு ஓட்டிப் போகவேண்டும். மெத்தையை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்துவிடவேண்டும். மெத்தையை விட்டுவிட்டு வந்தவனுக்கு அடுத்த டிரிப் கிடையாது என்பார்கள். இன்னொன்று, இரும்புச் சட்டத்தின் உள்பக்கத்தில் அவரவர் அடையாளத்தைப் பெயின்டில் எழுதிவிடுவது. ஸ்டான்லிக்கு மகள் பிறந்த பிறகு, மஞ்சள் பெயின்டில் 'சி' என்று எழுதுவார். மகள் பெயர் சிநேகா.

இருபது வருஷத்தில் நானூறு வண்டி விட்டிருப்பார். ஒரு நாள் என் கடையில் நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"நானூறு வண்டி உட்டுக்கீறேன் மச்சான். ஒண்ணுலயும் ஜனம் உக்காந்து நான் பாத்ததில்ல."

"பாத்து இன்னா பண்ணப்போற மாப்ள?"

"ஏறி உக்காரணும். டிரைவர் சீட்டுல இல்ல. மூணாவது வரிசைல, ஜன்னலோரமா. மழ பெய்யணும். நனையாம போணும்."

கல்லாவில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. இட்லியைப் பிட்டுக்கொண்டே ரோட்டில் போகிற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதருக்கு இப்படி ஒரு ஏக்கம் இருக்கிறதென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பெனாபோலில் அவருக்கு ஒரு சிநேகிதர் உண்டு. அனிசுர் என்று பெயர். ஸ்டான்லி கொண்டுபோய் விடுகிற வண்டியை வாங்கிக்கொண்டு ஜெசோர் பட்டறைக்கு ஓட்டிப்போகிற டிரைவர். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பாஷை, லாரி ரோட்டில் கற்ற அரைகுறை இந்தி. சேஸ் ஓட்டுகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் கேட்பதில்லை, யார்டுக்குள் மட்டும் போய்வர ஒரு பாஸ் கொடுப்பார்கள். ஆனாலும் அந்தக் காலத்தில் யார்டு வாசலில் நிற்கிற காவலர் கண்டுகொள்ள மாட்டாராம். அனிசுர் இவர் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போவார்; எதிரே பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடையில் டீயும் வெல்லம் போட்ட இனிப்பும் வாங்கித் தருவார். ஸ்டான்லி அங்கே நிற்கிற பஸ்களை எல்லாம் குனிந்து குனிந்து பார்ப்பாராம். ஒன்றிலும் 'சி' இருக்காது. இவர் விட்ட வண்டிகள் எல்லாம் தூரத்தில் டாக்கா பக்கம் ஓடிக்கொண்டிருந்தன.

2024 ஜூன் மாதம் அனிசுரிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. பச்சைநிற பஸ், பக்கவாட்டில் மயில் படம். அடுத்த படம் பஸ்ஸுக்கு அடியில் எடுத்தது: கிரீஸும் புழுதியும் படிந்த சட்டத்தில், மங்கிப்போன மஞ்சளில் 'சி'. சேஸ் வேலையை விட்டுவிட்டு அனிசுர் பஸ் ஓட்டப் போய்விட்டாராம். பெனாபோலுக்கும் ஜெசோருக்கும் நடுவில் ஓடுகிற பஸ். சேர்ந்த மூன்றாம் நாள் டயர் மாற்றப் படுத்தபோது கண்ணில் பட்டிருக்கிறது. வா, ஜெசோர் வரை கூட்டிப்போகிறேன் என்று கூப்பிட்டிருந்தார்.

ஸ்டான்லி அந்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் எங்கள் முன்னால்தான் கேட்டார்.

"பங்களாதேஷ்ல இன்னா வேல உங்களுக்கு?"

"பஸ்ல போணும் சார்."

"ஏன், இங்க பஸ் ஓடலியா?"

நான்தான் குறுக்கே புகுந்து, சிநேகிதர் வீட்டுக் கல்யாணம் என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தேன். பாஸ்போர்ட் ஜூலைக் கடைசியில் வந்தது. விசா படிவத்தைச் சிநேகா உட்கார்ந்து நிரப்பினாள். ஆகஸ்டில் அங்கே ஆட்சி கவிழ்ந்தது. எல்லை சில நாள் மூடிக் கிடந்தது. கொஞ்ச நாள் பொறுத்துக் கொடுக்கலாம் என்று ஸ்டான்லி படிவத்தைப் பைபிளுக்குள் வைத்தார்.

பொறுத்ததில் வந்தது வேறு. அடுத்த வருஷம் ஏப்ரலில், இந்திய நூல் ரோட்டு வழியாக வரக்கூடாது என்று அவர்கள் சொன்னார்கள். மே மாதம், உங்கள் சட்டை ரோட்டு வழியாக வரக்கூடாது என்று நாம் சொன்னோம். பிறகு சணல். எனக்கு இந்த விவகாரமெல்லாம் புரியாது. ஆனால் என் கடைக்கு வருகிற பையன்களின் சட்டைக் காலருக்குப் பின்னால் எந்த ஊர் என்று பார்க்கிற பழக்கம் அப்போதுதான் வந்தது. சாப்பிடுகிறவன் கழுத்தை எதற்கு எட்டிப் பார்க்கிறாய் என்று என் சம்சாரம் திட்டினாள். இரண்டு பக்கமும் தங்கள் ஆட்களின் பிழைப்பைக் காப்பாற்றத்தான் இதைச் செய்கிறோம் என்றார்கள். இருக்கலாம். ஸ்டான்லியும் அனிசுரும் அந்த ஆட்களில் சேர்த்தியில்லை போலிருக்கிறது.

சேஸ் வண்டியை யாரும் தடுக்கவில்லை. தடை என்று எழுதிய எந்தக் காகிதத்திலும் அதன் பெயர் இல்லை. ஆனால் நாளைக்கு என்ன சட்டம் வருமோ என்று வாங்குகிறவன் பயந்தான், விற்கிறவனும் பயந்தான். மாதம் இரண்டு டிரிப் போனவருக்கு மூன்று மாதத்துக்கு ஒன்று என்றானது. சேஸ் ஓட்டிய மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தண்ணி லாரிக்கும் பள்ளிக்கூட வேனுக்கும் போய்விட்டார்கள். "நீயும் எதனா பாரு மாப்ள" என்று நான் நச்சரித்தேன். "ஒரே ஒரு வாட்டி அந்த பஸ்ல ஏறிட்டு வந்துட்றேன் மச்சான், அப்பால நீ சொல்றதக் கேக்கறேன்" என்றார். விசாவுக்கு இரண்டு தடவை அலைந்தார். நடக்கவில்லை.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் நான்கு வண்டிக்கு ஆர்டர் வந்தது. ஸ்டான்லி இன்னும் மூன்று டிரைவர்களோடு கிளம்பினார். எல்லைக்கு இந்தப் பக்கத்து லாரி நிறுத்தத்தில் பதினோரு நாள் காத்துக் கிடந்தார்கள். பன்னிரண்டாம் நாள் யார்டு வரை போக பாஸ் கிடைத்தது. அங்கே நடந்ததைத் திரும்பி வந்த மறுநாள் என் கடையில் உட்கார்ந்து சொன்னார்.

வண்டியை விட்டுவிட்டு யார்டு வாசலுக்கு வந்திருக்கிறார். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம், ரோட்டைத் தாண்டி, இருநூறு அடி தூரத்தில் பச்சை பஸ் நிற்கிறது. மயில் படம் தெரிகிறது. உள்ளே ஜனம் ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கிறது. தூறல் வேறு. அனிசுர் கதவருகே ஓடி வந்து இவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். வாசலில் இருந்த பழைய காவலர் மாறியிருந்தார். புதிய காவலர் இளவயசுக்காரர். பாஸ் யார்டுக்குள் மட்டும்தான் என்றார். அனிசுர் கெஞ்சினார். ஜெசோர் வேண்டாம், பஸ்ஸில் ஏறி ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வரட்டும் என்றார். எங்கள் லாரிக்காரர்கள் உங்கள் பக்கத்தில் வாரக்கணக்கில் நிற்கிறார்களே, அவர்களை யார் டீ குடிக்க வெளியே விடுகிறார்கள் என்று கேட்டாராம் காவலர்.

"அந்தப் புள்ள சொன்னதும் ஞாயந்தான் மச்சான்" என்றார் ஸ்டான்லி.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "இன்னா ஞாயம்? கதவு தெறந்து கெடந்தப்போ பஸ் இல்ல. பஸ் வந்து நிக்கசொல்ல கதவு இல்ல. இது ஞாயமா?"

அவர் டீ ஆறும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அங்கே பஸ் கிளம்ப நேரமாகிவிட்டதாம். பயணிகள் டிரைவரைக் கூப்பிட்டார்கள். ஸ்டான்லி கக்கத்தில் இருந்த மெத்தையை எடுத்தார். கம்பிக்கு நடுவில் நுழையவில்லை. மடித்து, அமுக்கி, ஒரு முனையை இவர் தள்ள மறுமுனையை அனிசுர் இழுக்க, எப்படியோ அந்தப் பக்கம் போனது. மூன்றாவது வரிசை, ஜன்னலோரம் என்று மட்டும் இந்தியில் சொன்னாராம். அனிசுருக்குப் புரிந்துவிட்டது. மெத்தையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மழையில் குனிந்தபடி ஓடினார். பஸ் திரும்பும்போது மூன்று முறை ஹாரன் அடித்தது.

"நல்லா மழ புட்சிகிச்சி" என்றார் ஸ்டான்லி. "நான் நனஞ்சிகினே பாத்தேன். உள்ள ஒருத்தரும் நனையல மச்சான்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிறைவும் இருந்தது. நான்தான் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல், அடுப்படியில் வேலை இருப்பதுபோல உள்ளே போனேன்.

முந்தின நாள் அவர் வீட்டுக்கு வந்த நேரத்தில் தமிழ்ச்செல்வி முதலில் பார்த்தது அந்தக் கக்கத்தைத்தானாம்.

"மெத்த எங்க?"

"பஸ்ல போயிகினு கீது."

அவளுக்கு அந்த வழக்கம் தெரியும். மெத்தையை விட்டு வந்தவனுக்கு அடுத்த டிரிப் கிடையாது. இருபது வருஷமாக இந்த ஆள் எப்போது சேஸ் வேலையை விடுவார் என்று காத்திருந்தவள், அன்றைக்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சமையலறையில் உட்கார்ந்து அழுதாள் என்று சிநேகா சொன்னாள். அதற்குப் பிறகு இதுவரை ஆர்டர் வரவில்லை.

இப்போது ஸ்டான்லி கம்பெனி பஸ் ஓட்டுகிறார். புதுப்பட்டினத்தில் காலையில் கிளம்பி, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து ஆலைகளில் இறக்கிவிடவேண்டும். மேலே கூரை இருக்கிறது, பக்கத்தில் கண்ணாடி இருக்கிறது. சம்பளமும் ஒழுங்காக வருகிறது. நான் சொன்னதைக் கேட்டு அவர் செய்த ஒரே காரியம் இது. எனக்கு அதில் பெருமைப்பட முடியவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் புதுப்பட்டினம் போயிருந்தேன். மார்க்கெட்டுக்குப் பின்னால், வேப்பமர நிழலில், ஸ்டான்லியின் பஸ் நின்றது. விடுமுறை ஷிப்டுக்கு ஆட்களை ஏற்ற இன்னும் நேரமிருந்தது. டிரைவர் சீட்டில் ஆள் இல்லை. எட்டிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில், ஜன்னலோரம், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன் சீட்டின் முதுகில் போனை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார்.

உள்ளே ஏறி அருகில் போய்ப் பார்த்தேன். அனிசுர் அனுப்பியிருந்த வீடியோ. அந்த பஸ்ஸின் மூன்றாவது வரிசையில் மெத்தையைப் போட்டு, அதன்மேல் போனைச் சாய்த்து வைத்து, வழி முழுக்கப் பிடித்திருக்கிறார். ஜன்னல் கண்ணாடியில் மழைத்தண்ணீர் ஓடுகிறது. அதற்கு அப்பால் ரோட்டின் இரண்டு பக்கமும் பெரிய பெரிய மரங்கள். யாரோ ஒரு குழந்தை அழுகிறது, ஒரு பெண் ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்துகிறாள். கண்டக்டர் ஊர்ப்பேர் சொல்லிக் கத்துகிறார். பஸ் குலுங்கும்போதெல்லாம் படம் குலுங்கியது. ஸ்டான்லியின் தோளும் அதோடு லேசாக அசைந்தது.

என்னைப் பார்த்ததும் ஜன்னலை இன்னும் ஒட்டி நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காரு மச்சான். ஜெசோர் வர்றதுக்கு இன்னும் அர மணி நேரம் கீது."

மீன் பையைக் காலடியில் வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.