என் கையால ஒரு பாட்டில்

ஐம்பது வயதைத் தாண்டியவளைப் பார்த்து, "உங்களுக்கு இருபத்தொன்று ஆகிவிட்டதா?" என்று கேட்டால் சிலருக்கு உச்சி குளிரும். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக்குத் தறி போட்டு, ஆள் வைத்து, கரண்ட் ஆபீசிலும் பாங்கியிலும் மல்லுக்கு நின்று பழகியவள் நான். அமெரிக்காவில் ஒரு கடையில், மூக்கில் வளையம் மாட்டிய சின்னப் பெண் ஒருத்தி என்னை வரிசையில் நிறுத்தி, வயதுக்கு அத்தாட்சி காட்டச் சொன்னாள். என் கையில் ஒரு பிராந்தி பாட்டில். பக்கத்தில் என் மருமகன்.

பிராந்தி எனக்கில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பிறந்த வீட்டு ஆட்கள் இதைப் படித்துவிட்டு வேறு மாதிரி பேசுவார்கள். அது கருப்பசாமிக்கு.

என் புகுந்த வீட்டுக் குலதெய்வம் சேத்தூருக்கு மேற்கே ஒரு மாந்தோப்புக்குள் இருக்கிறது. பங்குனியில் ஒருநாள் பங்காளிகள் எல்லோரும் கூடிப் பொங்கல் வைப்போம். உச்சிப் பொழுதில் படையல். கிடா, சுருட்டு, வீட்டுக்கு ஒரு பிராந்தி பாட்டில். பாட்டிலைச் சாமியாடியின் கையில் அந்தந்த வீட்டு ஆம்பளைதான் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். என் வீட்டுக்காரர் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவர் இல்லை. ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒயின்ஷாப்புக்குப் போவார். தெரிந்தவன் யாராவது எதிரே வந்துவிட்டால், "சாமிக்கு, சாமிக்கு" என்று கேட்காமலே சொல்லிக்கொண்டு வருவார்.

அவர் காலமான பிறகு எங்கள் வீட்டில் ஆம்பளை இல்லை. பிள்ளை என்று எனக்கு இருப்பது ஒரே மகள், அவளும் அமெரிக்காவில். கொழுந்தன் தன் மகனை முன்னால் தள்ளிவிட்டார். நான் வாங்கி வரச் சொன்ன பாட்டிலை, மீசைகூட அரும்பாத அந்தப் பையன் எங்கள் வீட்டுக்காகக் கொடுத்தான். நான் பொங்கப் பானைகளுக்குப் பக்கத்தில், புளியமரத்தடியில் நின்று பார்த்தேன். என்னோடு இன்னொருத்தியும் நின்றாள். எனக்கு ஓரகத்தி முறை, அக்கா என்று கூப்பிடுவேன். அவளுக்கும் புருசன் இல்லை, இரண்டும் பெண் பிள்ளைகள். அவள் பாட்டில் கொண்டுவருவதையே நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. "யார் கையிலயோ குடுத்து யார் கணக்குலயோ சேரப் போவுது, எதுக்கு?" என்றாள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஆனாலும் அன்றைக்குக் குனிந்து பானைக்கு விறகைத் தள்ளிவிட்டேன்.

மகளுக்குப் பேறுகாலம் பார்க்க அமெரிக்கா போயிருந்தேன். ஆஸ்பத்திரியில் பிள்ளை தலை திரும்பவில்லை என்றார்கள். பிறகு துடிப்பு குறைகிறது என்று அவளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அந்த ஊரில் எனக்கு யாரைத் தெரியும்? சுவரைப் பார்த்து நின்று வாய்விட்டே சொன்னேன்: "கருப்பா, தாயையும் பிள்ளையையும் உசிரோட பிரிச்சுக் குடுத்துரு. இந்த மண்ணுலயே என் கையால ஒரு பாட்டில் வாங்கி, என் கையாலயே ஒன்கிட்ட கொண்டாந்து குடுக்கேன்."

கொடுத்துவிட்டான். பெண் பிள்ளை, நல்ல நிறம், குரல் மட்டும் என்னைப் போல. மருமகன் நிம்மதியில் அழுதார், நான் அழவில்லை. எனக்கு அடுத்த வேலை இருந்தது.

"அத்தை, நீங்க கார்ல இருங்க, நானே வாங்கிட்டு வாரேன்" என்று மருமகன் சொல்லத்தான் செய்தார். பாவம், மாமியாரோடு பிராந்தி வாங்கப் போகிற சங்கடம் அவருக்கு. என் கையால் என்றால் என் கையால்தான் என்று சொல்லி இறங்கிவிட்டேன். கடை பெரிய பலசரக்குக் கடை மாதிரி இருந்தது. பாலும் ரொட்டியும் விற்கிற இடத்திலேயே பிராந்தியும் விற்கிறார்கள், யாரும் தலையில் துண்டு போட்டுக்கொண்டு வரவில்லை.

அந்தப் பெண் கேட்டதும், சட்டென்று பர்சைத் திறந்து ஆதார் கார்டை நீட்டினேன். லேமினேட் செய்து எப்போதும் வைத்திருப்பேன். அவள் முன்னும் பின்னும் திருப்பினாள். அதில் பிறந்த வருடம் மட்டும்தான் இருக்கிறது, நாளும் இல்லை மாதமும் இல்லை. போட்டோவோ, போலீஸ் ஸ்டேஷனில் எடுத்தது மாதிரி இருக்கும். "மன்னிக்கணும், பாஸ்போர்ட் இருக்கிறதா?" என்றாள்.

பாஸ்போர்ட் வீட்டில், பட்டுச் சேலை மடிப்புக்குள் இருந்தது. வெளிநாட்டில் பாஸ்போர்ட்டைக் கண்ட இடத்துக்குத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது என்று, டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் எங்கள் ஊரில் என்னிடம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அத்தை, ஆதார் இங்க செல்லாது" என்றார் மருமகன் மெதுவாக.

"பாங்கியில செல்லுது, ரயில்ல செல்லுது, ரேஷன் கடையில செல்லுது. இங்க மட்டும் என்ன கேடு?"

அவர் தன் லைசென்ஸை எடுத்து நீட்டினார். அதற்கும் ஒப்பவில்லை. சேர்ந்து வந்தால் இரண்டு பேருமே காட்ட வேண்டுமாம், ஒருவர் காட்டாவிட்டால் இருவருக்கும் கிடையாதாம். நெற்றியில் சுருக்கம் தெரியவில்லையா, கழுத்துத் தோல் தெரியவில்லையா என்று தமிழிலேயே கேட்டேன். கார் கண்ணாடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஊரிலிருந்து புறப்படும்முன் தலைமுடிக்குப் பூசிய சாயம் இன்னும் கன்னங்கரேலென்று இருந்தது. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. அன்றைக்கு மருமகன் வீடு வரும்வரை பாட்டுகூடப் போடவில்லை.

மறுநாள் பாஸ்போர்ட்டோடு போனேன். மருமகனைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனேன். அதே பெண். அதே பாட்டில். பாஸ்போர்ட்டை வாங்கினாள், பிறந்த தேதியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். அந்தத் தேதிகூட என்னுடையதில்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் வாய்க்கு வந்தபடி போட்டது. நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். யாருக்கு வாங்குகிறாய் என்று கேட்பாள், வீட்டுக்காரர் எங்கே என்று கேட்பாள், பொம்பளைக்கு இது எதற்கு என்று கேட்பாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் பெயர் இருக்கிற கடைசிப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த நாள் நல்லபடியாகப் போகட்டும்" என்று பாட்டிலைப் பையில் போட்டுத் தந்துவிட்டாள்.

அந்தக் கடை வாசலில் நின்றபோது எனக்கு ஒரு சந்தோசம் வந்தது, சொன்னால் சிரிப்பீர்கள். என்னிடம் என்னைப் பற்றி மட்டுமே கேட்டு, அது போதும் என்று விட்ட இடம் அதுதான். முந்தின நாள் அந்தப் பெண்ணைத் திட்டியதையெல்லாம் மனசுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

போகும்போது பால்கோவா கொண்டுபோன பெட்டியில் வரும்போது பாட்டில் வந்தது. மகளுக்கென்று எடுத்துப் போயிருந்த எங்கள் தறித் துணியையே அதற்குச் சுற்றினேன், எலும்பு முறிந்தவனுக்குக் கட்டுப்போடுவது மாதிரி. ஒரு கீறல் இல்லாமல் இராஜபாளையம் வந்து சேர்ந்தது.

பங்குனியில் தோப்புக்குப் போனேன். பையில் பாட்டிலும் இருந்தது, பாஸ்போர்ட்டும் இருந்தது. தற்செயலாக இல்லை. என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் எடுத்துப் போனேன்.

நடந்தது. சாமியாடி என் மாமனாரின் தம்பி. நெற்றி நிறையச் சந்தனம் பூசி, சாமியாடிகள் போடும் அரைக்கால் சல்லடம் கட்டி நின்றார். ஒவ்வொரு வீட்டு ஆளிடமும் பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்ததும் கொழுந்தன் கை நீட்டினார்.

"மதினி, பாட்டில தம்பிகிட்ட குடுங்க. அவன் குடுத்துருவான்."

"நேந்துக்கிட்டவ நான். வாங்குனவ நான். நான்தான் குடுப்பேன்."

மேளம் நின்றுவிட்டது. மாமா என்னைப் பார்த்தார். "ஏம்மா, வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா? பொம்பள கையால சாமி பிராந்தி வாங்குனதில்ல. ஆம்பள கை வேணும்."

எனக்குப் பயம் இருந்தது. ஆட்களிடம் பயமில்லை, வாக்கு தவறிவிடுமே என்றுதான் பயம். அந்த ஆஸ்பத்திரிச் சுவர் முன்னால் என் கையால் என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளையைக் கொடுத்தவனிடம், இல்லை, கொழுந்தன் மகன் கையால் என்று மாற்றிச் சொல்ல முடியுமா? அங்கே அமெரிக்காவில் தொட்டிலில் கிடக்கிற அந்தக் குட்டிதான் கண் முன்னால் நின்றது.

"மாமா, இவனுக்கு எம்புட்டு வயசு?" என்றேன்.

"பதினேழு, பெரியம்மா" என்று பையனே சொன்னான். நல்ல பிள்ளை. அவனுக்கு இதில் ஆசையும் இல்லை, வருத்தமும் இல்லை.

"இந்தப் பாட்டில் விக்கிற ஊர்ல பதினேழு வயசுப் பயலுக்கு இதக் குடுக்க மாட்டாவ. நம்மூர்லயும் சட்டப்படி குடுக்கக் கூடாது. என்னைய நிறுத்தி வயசு கேட்டாவ. ஒரு நாள் திருப்பிக்கூட அனுப்புனாவ. மறுநாள் காட்டுனேன், குடுத்தாவ. ஆம்பளையா பொம்பளையான்னு கேக்கல. புருசன் இருக்கானான்னு கேக்கல. நீங்களும் கேளுங்க மாமா. இந்தா, காட்டுதேன். எனக்கு வயசு பத்தலன்னு சொல்லுங்க, தம்பி கையில குடுத்துருதேன்."

பாஸ்போர்ட்டைப் படையல் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். யாரோ சிரித்தார்கள். கொழுந்தன், "என்ன மதினி, நாலு பேரு முன்னால..." என்று இழுத்தார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மாமா அதைக் கையில் எடுத்தார். கண்ணாடி இல்லாததால் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், ஒரு பக்கம் திருப்பினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு அதை என்னிடமே கொடுத்துவிட்டு, "அடிங்கடா" என்று மேளக்காரர்களைப் பார்த்துச் சொன்னார். "கருப்பன் சாமான். யார் கையில வாங்கணும்னு அவனே சொல்லட்டும்."

மேளம் ஏறியது. மாமாவுக்கு அருள் வந்தது. அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஆடிவந்தார், கொழுந்தனைத் தாண்டினார், பையனைத் தாண்டினார், என் முன்னால் நின்று உள்ளங்கையை நீட்டினார்.

"கொண்டா தாயி."

கொடுத்தேன். என் கையால். அமெரிக்காவில் வராத அழுகையெல்லாம் அப்போது வந்தது, மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். கை நீட்டியது மாமாவா சாமியா என்று சிலர் பிறகு பேசிக்கொண்டார்கள். நான் ஆராயப் போகவில்லை. இருவருக்குமே கும்பிடு போட்டுவிட்டேன்.

கறிச்சோறு பரிமாறும்போது அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"ஏட்டி, அடுத்த வருசம் நானும் ஒரு பாட்டில் கொண்டாரட்டுமா?"

"கொண்டாங்கக்கா."

"எனக்கு ஏது பாஸ்போட்டு? ஆதார் கார்டுதான் கெடக்கு."

"போதும்க்கா" என்றேன். "இங்க அது செல்லும்."