ஹபீபுல்லா பாயின் சுவடிச் சாக்கு

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டும் ஹபீபுல்லா பாய் வாயைத் திறந்தால் மூடமாட்டார். வீட்டிலுள்ள சுவடிகளைப் பற்றிக் கேட்டால் மட்டும் உஷாராகிவிடுவார். பாட்டனாருக்குப் பாட்டனார் ஒரு சூஃபி. ஞானப்பாட்டுகளைத் தமிழில் கட்டி, அரபு எழுத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனவர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பாய் அந்தக் கட்டுகளைப் பிரிப்பார், ஃபேன் காற்றில் ஆறவிடுவார், கிராம்பு வைத்து மறுபடி துணியில் சுற்றுவார். நடுவில் எழுத்துக்கூட்டி ஒரு பாட்டும் பாடுவார். குரல் சுமார்தான். மனைவி ஜெய்புன்னிசா மிக்ஸியைப் போட்டுவிடுவாள்.

செங்கல்பட்டுக் கல்லூரியில் பாடம் நடத்தும் காயத்ரி, எல்லாவற்றையும் படமெடுத்து வைக்கலாம் என்று பலமுறை நடந்துவிட்டார். "என்னியவுட பத்திரமா எவன் பாத்துக்குவான்?" என்று டீ கொடுத்து அனுப்பிவிடுவார் பாய்.

அந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. கிழிந்துபோன குர்ஆன் தாள்களைக் குப்பையில் போடுவதில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு சாக்கில் சேர்த்து, நோன்பு மாதத்துக்கு முன் மீனவர் தர்மராஜிடம் கொடுப்பார்கள். அவர் அலை தாண்டிப் போய் மரியாதையாகக் கடலில் இறக்கிவிட்டு வருவார்.

இந்த வருஷம் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். சுண்ணாம்பு தெறிக்குமே என்று பாய் தாள் சாக்கைப் பரணில் ஏற்றினார். பெட்டியிலிருந்த சுவடிகளை வேறொரு சாக்கில் போட்டு, அதே கதவுக்குப் பின்னால் வைத்தார். மறுநாள் சவாரியில் இருக்கும்போது தர்மராஜ் போன் செய்தார்.

"கதவாண்ட கீது, எடுத்துகினு போ" என்றார் பாய், வாய் நிறைய.

திருவிடந்தையைத் தாண்டும்போதுதான் உறைத்தது. சவாரிகளோடு அப்படியே ஆட்டோவைத் திருப்பினார். மாமல்லபுரம் போக ஏறியவர்கள் கத்தினார்கள். விஷயம் தெரிந்ததும் அவர்களும் சேர்ந்து கோவளம் கரையில் நின்றுவிட்டார்கள். படகு எப்போதோ போயிருந்தது. போன் போகவில்லை. பூக்கூடை வைத்திருந்த ஓர் அம்மா பெருமாளுக்கு வேண்டிக்கொண்டார். பாய் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகு வருகிறதா என்று பார்த்தார்.

வெகுநேரம் கழித்துப் படகு வந்தது. தர்மராஜ் தோளில் சாக்கோடு இறங்கினார்.

"இன்னா பாய், வருஷா வருஷம் லேசா இருக்கும், கல்லு கட்டித்தான் எறக்குவேன். இது கல்ல விடக் கனக்குது. எனுக்கு டவுட்டு வந்துச்சு, போன் போட்டா டவர் இல்ல. உன்னக் கேக்காம எப்டி போடறது? மீன்கூடப் புடிக்காம வந்துட்டேன்."

பாய் சாக்கையும் தர்மராஜையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். சவாரிகள் கைதட்டினார்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டு அங்கேயே காயத்ரிக்குப் போன் போட்டார்.

"நாளைக்கே கேமராவ எடுத்துகினு வந்துடும்மா. நாஸ்தா நம்ம வூட்லதான்."

"என்ன பாய் திடீர்னு? வீட்ல பத்திரமா இருக்குன்னு சொல்வீங்களே?"

"இத்தினி வருஷமா திருடனும் வரல, கரையானும் வரலம்மா. நானேதான் கடல்ல போடச் சொல்லி அனுப்புனேன்."