காலியாக விட்ட கட்டம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்த்த ஆடிட்டர் அலுவலகத்தில் வருடத்துக்கு இரண்டு சனிக்கிழமை ஒரு வாசிப்பு நடக்கும். சி.ஏ. தேர்வு மே மாதமும் நவம்பர் மாதமும் வரும். முடிவுகள் வெளியான பிறகு விடைத்தொகுப்பு வரும். அதோடு, விடைத்தாள் திருத்தியவர்கள் மாணவர்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று தாள்வாரியாகச் சில பக்கங்களும் வரும். அடிப்படை புரியவில்லை, கேள்வியை ஒழுங்காகப் படிக்கவில்லை, கணக்கின் படிகளைக் காட்டவில்லை என்கிற ரீதியில் போகும். எங்கள் ஆடிட்டர் அந்தப் பக்கங்களை எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து உரக்க வாசிப்பார். ஒவ்வொரு வரி முடிந்ததும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இது யாரு?" என்பார். அந்தத் தாளில் தோற்றவன், "நான்தான் சார்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த வரி.

அந்தப் பக்கங்களை எழுதியவர்களை நான் பார்த்ததில்லை. பார்க்க ஆசையும் இல்லை. ஆனால் 2004 முதல் 2010 வரை வந்த பக்கங்களை வந்த தேதி குறித்து ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். மாணவர்கள் மாறினார்கள், கேள்விகள் மாறின, வரிச் சட்டம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறியது. திட்டு மட்டும் மாறவில்லை. ஒரு தேர்வுக்கு எழுதியதை எடுத்து அடுத்த தேர்வுக்கு வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. முந்தின வருட அறிக்கையை அப்படியே நகலெடுத்து வருடத்தை மட்டும் மாற்றினால் பயிற்சிக்கு வந்த ஆர்ட்டிகிள் பையனுக்கு எங்கள் அலுவலகத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

நான் சிதம்பரத்துக்காரன். 2004இல் அந்த அலுவலகத்தில் ஆர்ட்டிகிள் சேர்ந்தேன். மூன்று வருடப் பயிற்சி 2007இல் முடிந்தது. அந்த வருடம் மே மாதம் கடைசித் தேர்வான ஃபைனலின் இரண்டு குரூப்பில் முதலாவதைத் தேறிவிட்டேன். இரண்டாவது குரூப் தேறும்வரை அங்கேயே சம்பளத்துக்கு உட்கார்ந்தேன். தேறினால் வெளியே போகலாம். தேறாதவனுக்கு வேறு எந்த ஆடிட்டர் அலுவலகத்திலும் இதே நாற்காலிதான், இதே சம்பளந்தான். எனக்கு வேண்டியிருந்தது பட்டம்கூட இல்லை. அந்த வாசிப்பில் நிற்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது குரூப்பில் நான்கு தாள். ஒவ்வொன்றிலும் நாற்பதாவது வாங்க வேண்டும், நான்கும் சேர்ந்து இருநூறு வர வேண்டும். ஒரு தாளில் அறுபதோ அதற்கு மேலோ வாங்கிவிட்டால், குரூப்பில் தோற்றாலும், அடுத்த மூன்று தேர்வுகளுக்கு அந்தத் தாளை மறுபடி எழுத வேண்டாம். பழைய மதிப்பெண்ணையே மொத்தத்தில் சேர்த்துக்கொள்வார்கள். இதற்கு எக்ஸம்ப்ஷன் என்று பெயர். விண்ணப்பத்தில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. எந்தத் தாள், எந்தத் தேர்வு, அப்போதைய பதிவு எண் என்ன என்று நிரப்ப வேண்டும். நிரப்பாமல் நான்கு தாளையும் எழுதினால் எக்ஸம்ப்ஷன் போய்விடும்.

2007 நவம்பரில் நேர்முக வரித் தாளில் அறுபத்து நான்கு வாங்கினேன். செலவுக் கணக்கான காஸ்ட் தாளில் முப்பத்தொன்று. குரூப் போயிற்று, அறுபத்து நான்கு தங்கியது. 2008 மே மாதம் மிச்சம் மூன்றை மட்டும் எழுதினேன். காஸ்ட் முப்பத்தாறு. மறுபடியும் போயிற்று.

அந்த மே தேர்வுக்கான வாசிப்பு ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை நடந்தது. நாட்குறிப்பில் அன்றைக்கு 'காலையில் இரண்டு மணி நேரம் கரண்ட் கட்' என்று இருக்கிறது. மின்விசிறி ஓடவில்லை. ஆடிட்டர் கையில் அந்தப் பக்கங்களாலேயே விசிறிக்கொண்டு வாசித்தார். காஸ்ட் தாளுக்கு நான், "நான்தான் சார்" என்றேன். நேர்முக வரி வந்தது.

"இதுக்கு யாரு?"

அலுவலகத்தில் அந்த முறை குரூப் இரண்டு எழுதியவன் நான் ஒருவன்தான்.

"ஐயா எழுதல இல்ல? மறந்துட்டேன். ஐயாவுக்கு ஓசி பாஸ் இருக்கு. டவுன் பஸ்ல ஸ்கூல் புள்ளைங்க காட்டுதே, அந்த மாதிரி." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்த வரி அவர்களுக்கு. "நாலு பேப்பர்ல ஒண்ண ஒளிச்சு வெச்சிட்டு மூணு எழுதுறான். அதுலயும் ஃபெயில். அந்த வாட்டி கொஸ்டின் ஈஸியா வந்துருக்கும். இப்ப எழுதச் சொல்லுங்க, நாப்பது வாங்கட்டும் பாப்போம்."

நான்கு வருடமாக அந்த அலுவலகத்தின் வரிக் கணக்கில் பாதி என் கையெழுத்தில் இருந்தது. பெண்ணாடத்துக் கரும்பு வியாபாரி முதல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காரர் வரை யார் வந்து உட்கார்ந்தாலும் ஆடிட்டர் என்னைத்தான் கூப்பிடுவார். காஸ்ட் வரவில்லை என்று சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன், உண்மை. வரி தெரியாது என்று சொன்னதுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அன்று மாலை பேருந்தில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் எப்போது கடந்தது என்று தெரியவில்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் முடிவு செய்துவிட்டேன்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் விண்ணப்பத்தை நிரப்பினேன். என்னோடு ஆர்ட்டிகிள் முடித்தவன், புவனகிரிக்காரன், எதிர் நாற்காலியில் எலுமிச்சை சாதம் தின்றுகொண்டிருந்தான். தலைகீழாகவே என் விண்ணப்பத்தைப் படித்தான். தலைகீழாகப் படிக்கிற பழக்கம் ஆடிட் போகிற எங்கள் எல்லோருக்கும் உண்டு.

"மச்சான், எக்ஸம்ப்ஷன் கட்டம் காலியா இருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சேவா வுட்டுருக்க? லூசாடா நீ?"

"நாலும் எழுதறேன்."

"யாருக்குக் காட்றதுக்கு? அவுரா உன் பேப்பரத் திருத்தப் போறாரு? அவுரு பேசுவாருடா, அவுருக்கு அதான் டிபன். நீ போயி எலயப் போட்டு உக்காருறியே!"

"வேலையப் பாரு."

"எக்கேடோ கெட்டுப் போ. என்கிட்ட அறுபத்தி நாலு இருந்திருந்தா ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பேன்."

அவன் எழுந்து டப்பா கழுவப் போனான். அவன் சொன்னது ஒவ்வொரு சொல்லும் சரி என்று அப்போதே தெரிந்தது. அதனாலேயே இன்னும் கோபம் வந்தது.

விண்ணப்பத்தில் புகைப்படத்தின் மேல் ஓர் ஆடிட்டர் சான்றொப்பமிட வேண்டும். கொண்டுபோய் எங்கள் ஆடிட்டர் மேசையில் வைத்தேன். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் முன்னால் எந்தக் காகிதத்தை வைத்தாலும் விடுபட்ட இடத்துக்குத்தான் கண் முதலில் போகும். ரசீதில் தேதி இல்லையென்றால், பில்லில் முத்திரை இல்லையென்றால், பச்சை மையால் வட்டம் போட்டுத் தூக்கி எறிவார். அன்று விண்ணப்பத்தைப் புரட்டினார். இரண்டாம் பக்கத்தில் அந்தக் கட்டத்தின் மேல் பேனா முனை நின்றது. நான் எதிரே நின்று பார்த்தேன். பச்சைப் பேனாதான். வட்டம் போடவில்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பி, புகைப்படத்தில் என் சட்டைக் காலர் மேல் பாதி, காகிதத்தின் மேல் பாதியாகக் கையெழுத்துப் போட்டார்.

"ம். ஆம்பளதான்" என்றார்.

நவம்பரில் புதுச்சேரியில் தேர்வு. வரித் தாளை நான் தேர்வாக எழுதவில்லை, பதிலடியாக எழுதினேன். முதல் கேள்விக்கே பதினொரு பக்கம். கேட்காத பிரிவுகளையெல்லாம் விளக்கினேன். ஒரு விலக்கு ஏன் கிடைக்காது என்பதற்கு மூன்று காரணம் எழுதினேன், ஒன்று போதும். திருத்துகிறவர் என்ன நினைப்பார் என்று ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. மஞ்சக்குப்பத்தில் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ஒருவருக்காகவே எழுதினேன். மணி அடித்தபோது இருபது மதிப்பெண் கேள்வி ஒன்று தொடாமலே கிடந்தது. மற்ற மூன்று தாளையும் சாதாரணமாக எழுதினேன். அவற்றில் யார் மேலும் கோபம் இல்லை.

2009 ஜனவரியில் சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் முடிவு பார்த்தேன். பதிவு எண்ணைத் தட்டித் தட்டி, நாற்பது நிமிடம் கழித்துத்தான் பக்கம் திறந்தது. காஸ்ட் நாற்பத்தெட்டு. முதல் முறையாகத் தாண்டியிருந்தேன். மற்ற இரண்டும் ஐம்பதும் நாற்பத்தேழும். நேர்முக வரி நாற்பத்து மூன்று. மொத்தம் நூற்று எண்பத்தெட்டு. பன்னிரண்டு குறைவு.

கூட்டல் எனக்குத் தானாக வரும், தடுக்க முடியாது. அந்தக் கட்டத்தை நிரப்பியிருந்தால் நாற்பத்து மூன்றுக்குப் பதில் அறுபத்து நான்கு. இருநூற்று ஒன்பது. அந்த மாதமே நான் வெளியே. இப்போது அறுபத்து நான்கும் இல்லை. அடுத்த முறை நான்கு தாள், முதலிலிருந்து.

மறுநாள் அலுவலகத்தில் ஆடிட்டர் மதிப்பெண் கேட்டார். சொன்னேன். அவரும் மனதுக்குள் கூட்டியிருப்பார்; உதடு அசைந்தது.

"நாப்பத்தி மூணு. நான் சொன்னது சரியாப் போச்சா?"

"நாப்பது வாங்கச் சொன்னீங்க சார். வாங்கிட்டேன்."

"வாங்கி?"

"ஃபாரத்துல அந்தக் கட்டம் காலியா இருந்தத நீங்க பாத்தீங்க இல்ல சார்? கையெழுத்து போடறப்ப."

அவர் நிமிர்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. வங்கி மேலாளர்களிடம் பேசுகிற குரலில், நிதானமாகச் சொன்னார்: "நான் அட்டெஸ்ட் பண்ணது போட்டோவ. ஃபாரத்த இல்ல."

நிறைய வரலாறு படிக்கிறவன் நான். கையெழுத்துப் போட்டவர்கள் பிற்பாடு என்னென்ன சொல்லித் தப்பித்தார்கள் என்று பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமான ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அதில் பிழையும் இல்லை. அவர் சான்றளித்தது போட்டோவைத்தான். கட்டத்தைக் காலியாக விட்டது என் கை. அதை நான் மறுக்கவில்லை, எந்த நாளும் மறுத்ததில்லை. ஆனால் முகம் தெரியாத வியாபாரியின் ரசீதில் தேதி இல்லாததற்கு வட்டம் போடத் தெரிந்த பேனா, நான்கு வருடம் தனக்கு உழைத்தவனின் விண்ணப்பத்தில் வட்டம் போடத் தெரியாமல் நின்றது. இதற்கு எந்தப் பக்கத்தில் யார் கருத்து எழுதுவார்கள்?

பிப்ரவரி சம்பளம் வாங்கியதும் நின்றுவிட்டேன். அடுத்த வாசிப்புக்கு நான் இல்லை. சிதம்பரத்தில் இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதிக்கொண்டு வீட்டிலிருந்தே படித்தேன். என் அக்கா வீட்டுக்காரர், "மாப்ள, நல்ல நாற்காலிய வுட்டுட்டு வந்துட்டியே, திமுரு ஜாஸ்தி உனக்கு" என்று வரும்போதெல்லாம் சொன்னார். 2009இல் எழுதிய இரண்டு தேர்வுகளிலும் தோற்றேன். 2010 மே மாதம் எழுதியதில் தேறினேன். முடிவு ஜூலையில் வந்தது.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். தேறியவன் பால்கோவா வாங்கிக்கொண்டு போய் ஆடிட்டர் காலில் விழ வேண்டும். அவர் அவன் புகைப்படத்தைச் சுவரில் மாட்டுவார். தோற்றவர்களின் சத்தமும் தேறியவர்களின் முகமும் அவருக்குச் சொந்தம். நான் போகவில்லை. மூன்றாம் நாள் அவரே தொலைபேசியில் அழைத்தார்.

"என்னப்பா, சொல்லவே இல்ல? அடுத்தவன் சொல்லித்தான் தெரியணுமா? ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு வா. கிளையண்ட்ஸ்கிட்ட எல்லாம் நம்ம பையன்னு சொல்லிட்டேன்."

"சரிங்க சார்."

"அது இருக்கட்டும். டைரக்ட் டாக்ஸ்ல எவ்ளோ?"

அதற்குத்தான் அழைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"சொல்ல மாட்டேன் சார்."

"ஏம்ப்பா, அறுபது வரலியா?"

"வந்துச்சா வரலையானும் சொல்ல மாட்டேன்."

போனை வைத்துவிட்டார். போட்டோவும் போகவில்லை, பால்கோவாவும் போகவில்லை. 2012இல் புவனகிரி நண்பன் ஒரு கல்யாணத்தில் பார்த்து, "உன் படத்துக்குன்னு அடிச்ச ஆணி அப்படியே இருக்கு மச்சான், காலண்டரு மாட்டி வெச்சிருக்காரு" என்றான். பிறகு அவனும் கேட்டான், எவ்வளவு என்று. அவனுக்கும் சொல்லவில்லை.

என் நாட்குறிப்பில் ஏழு வருடத்து மதிப்பெண்கள் ஒன்று விடாமல் இருக்கின்றன. முப்பத்தொன்று, முப்பத்தாறு, அறுபத்து நான்கு, நாற்பத்து மூன்று எல்லாம் கட்டம் போட்டு, தேதியோடு. 2010 ஜூலைப் பக்கத்தில் மூன்று கட்டம் நிரம்பியிருக்கிறது. நேர்முக வரிக்கான நான்காவதைக் காலியாக விட்டிருக்கிறேன். இந்த முறையும் தெரிந்தேதான் விட்டேன். ஆனால் இது யாருக்கும் காட்டுவதற்கு இல்லை.