செத்த நேரத்துக்கு வயதில்லை

ஜெர்மனியில் என் பெயருக்கு மண் வந்தால் சுங்க அலுவலகத்தில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். எங்கள் ஊரில் ஆற்று மணல் லாரி லாரியாகப் போகும், ஏனென்று கேட்க ஆளிருக்காது. இங்கே ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பொட்டலம் காய்ந்த சேறு வந்ததற்கு என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். "உள்ளே உயிருள்ளது ஏதாவது இருக்கிறதா?" என்றார் அந்த அதிகாரி. "இப்போதைக்கு இல்லை" என்றேன். "அப்படியானால் செத்ததா?" "அதுவும் இல்லை." அவர் பேனாவை மூடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆமாம், இல்லை என்ற இரண்டே கட்டங்களை வைத்துக்கொண்டு ஒரு தேசத்தையே ஒழுங்காக நடத்துகிறவர்கள். மூன்றாவதாக ஒன்றைச் சொன்னால் பாவம், காய்ச்சல் வந்துவிடும். கடைசியில் 'தோட்ட மண்' என்று எழுதி அனுப்பிவைத்தார்.

அந்தச் சேற்றில் இருந்தவை மீன் முட்டைகள். மழைக்குத் தேங்கும் குட்டையில் பிறந்து, குட்டை வற்றுவதற்குள் வளர்ந்து, ஜோடி சேர்ந்து, முட்டையிட்டுச் செத்துப்போகிற மீன். சில மாதங்கள்தான் ஆயுசு. அதற்குள் கிழடு தட்டி, நிறம் மங்கி, முதுகு வளைந்து, போட்ட தீனியைக் கவனிக்காமல் மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். முட்டையோ, அடுத்த மழை வரும்வரை காய்ந்த சேற்றுக்குள் பாதி உருவான குஞ்சோடு அப்படியே கிடக்கும். மீனிலும் முட்டையிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்பு. அது ஒரு பக்கம் இப்படி அவசரப்படுகிறது, இன்னொரு பக்கம் அசைவேனா என்கிறது. உறங்கும்போது எந்த மரபணு பேசுகிறது, எது வாயைப் பொத்திக்கொள்கிறது, உறங்கிய காலம் வயதில் சேருமா சேராதா? இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். திண்டுக்கல்லில் யாரிடமாவது சொன்னால், "மீனுக்கு வயசாகுறதப் பாக்கவா அம்புட்டு தூரம் போன?" என்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஒருநாள் என் பேராசிரியர், இந்த உறக்கத்துக்கு உங்கள் மொழியில் என்ன சொல் என்று கேட்டார். அகராதிச் சொல் நாக்கில் வரவில்லை. செத்த நேரம் என்றுதான் வந்தது. சற்று நேரம் என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்: செத்த நேரம் இரு, செத்த தள்ளி உக்காரு. அதைப் பிரித்துப் படித்தால் இறந்துபோன நேரம் என்றும் பொருள்படும் என்று விளக்கினேன். மனிதருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "கொஞ்சமும் மரணமும் உங்களுக்கு ஒரே சொல்லா!" என்று கூவி, முட்டைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'செட்டா' என்று எழுதி ஒட்டினார். அன்றிலிருந்து அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் அதுதான். என்னைத் தமிழ் பேச வைக்க வேண்டுமென்று தோன்றும்போதெல்லாம் "செட்டா!" என்பார். நானும் பல்லைக் காட்டுவேன், வேறென்ன செய்வது.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது குஜிலியம்பாறைப் பக்கம். தொண்ணூறுகளில் அம்மா அங்கே டீச்சர். எங்கள் பள்ளிக்கு லீவு விட்டால் என்னையும் திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் இழுத்துக்கொண்டு போவாள். அம்மாவின் பள்ளிக்குப் பின்னால் ஒரு குட்டை. வருடத்தில் பாதி நாள் வெடித்துக் கிடக்கும், பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள். மழை பெய்த கொஞ்ச நாளில் பிட்ச் இருந்த இடத்தில் மீன் குஞ்சுகள் நெளியும். எங்கிருந்து வந்தது என்று வகுப்பிலேயே எழுந்து கேட்டேன். "மேலருந்து ஆண்டவர் போட்டாரு. இது பரிச்சைல வராது, உக்காரு" என்றாள் அம்மா. பேராசிரியரும் நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் ஏறக்குறைய இதே பதிலைத்தான் நாற்பது பக்கத்துக்குச் சொல்கிறார். ஆண்டவர் பெயரை மட்டும் விட்டுவிடுகிறார்.

அப்பா நான் காலேஜில் படிக்கும்போதே தவறிவிட்டார். நானும் இங்கே வந்த பிறகு அம்மா தனி. ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் போன் செய்வேன். "எப்ப வார?" என்பாள். "செத்த நேரந்தாம்மா, இந்த வேல முடியட்டும்." ஒரு ஞாயிறு, "நிலக்கோட்டைல ஒரு எடம். பூக்கமிசன் கட வச்சிருக்காக. பேசிட்டேன், லீவு போட்டு வா" என்றாள். போனேன்.

மாப்பிள்ளை கூடை மல்லிகையோடு வந்தார். என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அங்க மீனு கிலோ என்ன வெல?" நான் வளர்க்கிற மீன் சுண்டுவிரல் நீளம்தான், கிலோவுக்கு ஒரு கூட்டமே வேண்டும் என்றேன். அவர் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் அம்மா, எனக்கு இருபத்தாறு என்று கூசாமல் சொன்னாள். நான் கேசரித் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா தேள் மாதிரி நிமிர்ந்தார். "ஏங்க டீச்சர், எங்க அக்கா மக ரீட்டாவோட சேந்துதான இது புதுநன்மை வாங்குச்சு? ரீட்டா மகன் அஞ்சாப்பு படிக்கிறானே!"

வேதக்காரக் குடும்பங்களில் ஒரு பெண்ணின் வயதை மறைக்கவே முடியாது. சின்ன வயதில் சர்ச்சில் முதன்முதலாக நன்மை வாங்க யாரோடு வெள்ளை கவுன் போட்டு வரிசையில் நின்றாள் என்பது ஊருக்கே தெரியும். எந்த மரபணு இயந்திரமும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. ஆனால் அம்மா அசரவில்லை. "செர்மனில இருந்த வருசத்த நான் சேக்கலங்க" என்றாள்.

"நல்லாருக்கே கத! அப்ப எம் மகன் துபாய்ல இருந்ததக் கழிச்சா, அவனுக்கு இன்னும் மீசையே மொளைக்கலயாக்கும்?"

கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று ஜெர்மன்காரருக்குக்கூடப் புரியும்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். அம்மா மல்லிப்பூவை எடுத்து வைக்க டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். டப்பா கண்ணெதிரேயே இருந்தது. கை அதற்குப் பக்கத்தில் காற்றைத் தடவியது.

"கண்ணுல என்னம்மா?"

"பொரை விழுந்திருக்காம். ஆப்பரேசன் பண்ணணும்னாக. நீ வந்தப்புறம் பாக்கலாம்னு வச்சிருக்கேன்."

"நான்தான் வந்துட்டேன்ல. நாளைக்கே போவோம்."

"பண்ணிக்கிட்டா, அப்புறம் உன்ன எதச் சொல்லி வரச் சொல்றது?"

அடுப்படி வாசல் வழியே தெரிந்த கொல்லையில் என் பழைய சைக்கிள் நின்றது. யாரும் ஓட்டுவதில்லை, ஆனால் டயரில் காற்று இருந்தது. மாதா மாதம் உருட்டிக்கொண்டுபோய் அடித்து வருகிறாளாம். அம்மா என் வயதை மட்டும் கழிக்கவில்லை. தன் காலத்தையும் சேர்த்து நிறுத்தி வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. காலம் நின்றது, கண் நிற்கவில்லை. அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன்.

"ஏன் பாப்பா, ஒம் மீனுக்குத் தூங்குன காலத்த வயசுல சேப்பீகளா?" என்றாள்.

"அதத்தாம்மா பாத்துக்கிட்டு இருக்கோம்."

"பாத்துச் சொல்லு. எனக்கும் தெரியணும்."

எவ்வளவு கெஞ்சியும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. லீவு முடிந்து வந்துவிட்டேன். வந்ததும் ஆப்பிரிக்கச் சேற்றில் தண்ணீர் ஊற்றினோம். பாதி முட்டைகள் உடனே பொரிந்து, பிறந்த கையோடு கிழடாகிற வேலையை ஆரம்பித்தன. மீதிப் பாதி அசையவில்லை. முதல் தண்ணீரை நம்பிப் பொரிந்து, குட்டை சட்டென்று வற்றினால் வம்சமே போய்விடும் என்று சில முட்டைகள் அடுத்த மழைக்குக் காத்திருக்குமாம். அவற்றை மறுபடி காயவைத்து, 'செட்டா' பெட்டியில் வைத்தோம். அடிக்கடி ஈரம் காட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

போன ஞாயிறும் ஆய்வகத்திலிருந்துதான் போன் செய்தேன். "எப்ப வார?" என்றாள் அம்மா.

"செத்த நேரந்தாம்மா."

தெரிந்த சொல் காதில் விழுந்ததும் பின்னாலிருந்த பேராசிரியருக்கு முகமெல்லாம் பல். முட்டைகளைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். "செட்டா?" என்று கேட்டு, பெட்டியைத் திறந்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "நொஹ் நிஷ்ட்" என்றார் உரக்க.

"யாரு அது? என்னமோ சொல்றாரே, என்னவாம்?" என்றாள் அம்மா.

"இன்னும் இல்லையாம்மா."

"சரி, செத்த நேரந்தான, இருக்கேன்" என்றாள் அம்மா.