மயங்குவதற்குச் சம்பளம்

இன்று நான் சந்தித்த மனிதர், நான் வணக்கம் வைத்தபோது மயங்கிக் கிடந்தார். கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்கு உயிர்காப்புப் பயிற்சி தரும் மையத்தின் நீச்சல் குளம். லைஃப் ஜாக்கெட் போட்ட ஒருவர் வாயைப் பிளந்தபடி மிதக்கிறார். கட்டுரை எழுத வந்த நான், "ஐயோ, ஆள் போயிட்டாரு!" என்று கத்திவிட்டேன். குளமே சிரித்தது. மிதந்தவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "சத்தம் போடாதீங்க தம்பி. இப்பதான் நல்லா மயக்கம் வருது" என்றார்.

அதுதான் அவர் வேலை. மாணவர்கள் காப்பாற்றிப் பழக ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆள் இவர். தண்ணீரில் மூழ்குவார், புகை அறையில் சுருண்டு விழுவார், ஸ்ட்ரெச்சரில் படி இறங்குவார். 'மயக்கம் அண்ணே' என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். உடம்பை விறைப்பாக வைத்தால் தூக்குகிறவர்களுக்கு நிஜப் பாரம் தெரியாதாம். அதனால் நனைந்த மெத்தை மாதிரி தொளதொளவென்று கிடப்பார். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டார். தலையைத் தாங்காமல் தூக்கினால் மட்டும் வாய் திறக்கும்: "கழுத்து, கழுத்து! பொண்டாட்டிகிட்ட திருப்பிக் குடுக்கணும்ப்பா!"

அந்த மனைவி இன்று குளத்தோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வீட்லயும் இதே கதைதான் தம்பி. சிலிண்டரைத் தூக்குங்கன்னு சொன்னா உடனே மயங்கிடுவாரு."

அவர் சும்மா வரவில்லை; இன்று அண்ணனுக்குத் தேர்வு. இனிமேல் குளத்தில் இறங்கி வேலை செய்கிற எல்லாரும் மாணவர்களுக்கு வைக்கும் அதே தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று புது விதி. உயரமான மேடையிலிருந்து குதித்து, நீந்திப் போய், காற்றடைத்த ரப்பர் மிதவையில் தானே ஏற வேண்டும். தேறாவிட்டால் வாசலில் உட்கார்ந்து வண்டி எண் குறிக்கும் வேலை. அண்ணனோ அந்த மேடைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர்.

"கப்பல்ல இருந்தவர்தானே நீங்க?" என்றேன்.

"இருந்தேன். நீராவிக் கப்பல். அடியில பாய்லர் பக்கம். எண்ணெய் போடுறது, பிரஷர் பாக்குறது. கடல் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது. குதிச்சுக் காட்டுனாதான் சர்டிபிகேட்னு சட்டம் வந்துச்சு, மூட்டையைக் கட்டிட்டுக் கரைக்கு வந்துட்டேன். இப்ப இங்கயும் வந்து குதிங்கறாங்க!"

ஏறினார். அண்ணன் மேடை விளிம்பில் போய் நின்றார். ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மறு கையால் ஜாக்கெட்டைக் கீழே அழுத்தி, நேராகப் பார்க்க வேண்டும். தண்ணீரைப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டார். அப்படியே நின்றுவிட்டார்.

"ஏங்க, பாய்லர் அணைஞ்சிடுச்சா?" என்று குரல் கொடுத்தார் மனைவி.

அண்ணன் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் காலை எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

தொப்! நான் விசிலடித்தேன், கண்கூடக் கலங்கிவிட்டது. அப்புறம்தான் கவனித்தேன். தண்ணீர் பட்டதும் அண்ணன் பழக்க தோஷத்தில் தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்து, அழகாக மயங்கிவிட்டார். மாணவர்களும் பழக்க தோஷத்தில் பாய்ந்துபோய், தாடையைத் தாங்கி இழுத்துவந்து, கரையில் கிடத்திவிட்டார்கள்.

"பசங்க எல்லாரும் பாஸ்" என்றார் பயிற்சியாளர் அம்மா. "அண்ணே, நீங்க நீந்தணும். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான்."

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். "மறந்தே போச்சு மேடம். தண்ணி பட்டதும் ஆஃப் ஆயிட்டேன். என்னைய மாதிரி உழைப்பாளி உண்டா, பரீட்சையிலயும் டூட்டி பாத்திருக்கேன்!" எல்லாரும் சிரித்தார்கள். அவர் மேடையை நிமிர்ந்து பார்த்தார்; முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஏறுங்க" என்றார் மனைவி. குரலில் இப்போது கிண்டல் இல்லை. "அந்த கேட்ல உக்காந்தா நீங்க நெசமாவே மயங்கிடுவீங்க."

மறுபடி ஏறினார். "டேய், எவனாவது என்னைக் காப்பாத்துனீங்க, அவ்வளவுதான்!" என்று மேலேயிருந்து மிரட்டிவிட்டுக் குதித்தார். மல்லாந்து, கையைக் காலைக் கண்டபடி அடித்து நீந்தினார். அதற்கு நீச்சல் என்று பெயர் வைத்தவர் பார்த்தால் அழுதிருப்பார். கரையோரம் கட்டியிருந்த மிதவையில் கையை வைத்தார், வழுக்கியது. மறுபடி வைத்தார், மறுபடி வழுக்கியது. மூன்றாவது தடவை முழங்கையை ஊன்றி, வயிற்றால் தவழ்ந்து, தலைகீழாக உள்ளே விழுந்தார்.

தேறிவிட்டார்! நாளையும் மயங்குவார்!

சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை உள்ளே விடுகிறார்கள். கட்டாயம் போய்ப் பாருங்கள், தெரிந்தவர்களையும் கூட்டிப் போங்கள். அவர் தானாக மிதவையில் ஏறினால் மட்டும் பாவமே என்று கை நீட்டிவிடாதீர்கள். இரண்டாவது தடவை வழுக்கியபோது மனசு கேட்காமல் நான் நீட்டினேன். மூச்சு வாங்கிக்கொண்டே, பட்டென்று தட்டிவிட்டார்.