விளிம்பு வரை ஊற்றிய வாளி

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் எந்தக் கம்பெனி வாசலில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், கேண்டீன்காரர் என்றால் என்னைத்தான் சொல்வார்கள். பாத்திரம் கழுவப் போனேன், பரிமாறுகிறவன் ஆனேன், சமையல் மாஸ்டர் ஆனேன், கடைசியில் கேண்டீன்களைச் சொந்தமாக எடுத்து நடத்துகிறவன் ஆனேன். யாரும் கைதூக்கி விடவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

ஒரு மனிதர் மேல் எனக்கு இருக்கிற கோபத்தைச் சொல்லவும் கூச்சம் கிடையாது.

அப்போது நான் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பரிமாறிக்கொண்டிருந்தேன். நிரந்தர ஆட்களுக்கு இரண்டு வடை, கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒன்று என்பது அங்கே சட்டம். ஒருநாள், இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து பார்த்துவிட்டுக் கண் சிவந்து வந்த ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இரண்டாவது வடையை வைத்துவிட்டேன். நிர்வாகப் பிரிவில் இருந்த ஓர் இளம் அதிகாரி அதைப் பார்த்துவிட்டார். அவர் திட்டவில்லை. சாம்பார் வாளியை நிரப்பி எடுத்து வரச் சொன்னார். ஹாலின் நடுவே நிற்கச் சொன்னார்.

"நான் சொல்ற வரைக்கும் வாளியைக் கீழே வைக்கக் கூடாது. தாராள மனசுக்காரன் எப்படி இருப்பான்னு எல்லாரும் பாக்கட்டும்."

எங்கள் தொழிலில் பரிமாறும் வாளியில் பாதிக்கு மேல் ஊற்ற மாட்டோம். அதற்கு மேல் ஊற்றினால் கைப்பிடி விரலை அறுக்கும், தோள்பட்டை இறங்கிவிடும். அன்று சாப்பாட்டு நேரம் முழுக்க நிறை வாளியோடு நின்றேன். சாப்பிட வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மணி அடித்து ஹால் காலியான பிறகு பார்க்கிறேன், அந்த அதிகாரி எப்போதோ எழுந்து போயிருந்தார். நான் நிற்பதையே மறந்துவிட்டார்.

அன்றைக்கே வேலையை விட்டேன். ஒருநாள் இந்த ஆள் கையில் வாளியைக் கொடுக்காமல் நான் ஓயமாட்டேன் என்று குன்றத்தூர் மலைக்கோயில் படியில் நின்று சொன்னேன். சாமிக்குக் கேட்டதோ இல்லையோ, எனக்கு நன்றாகக் கேட்டது.

பல வருஷம் கழித்து அதே தொழிற்சாலையின் கேண்டீன் என் கைக்கு வந்தது. வந்து பார்த்தால் அதே மனிதர், நிர்வாகப் பிரிவுக்கே தலைவராக உட்கார்ந்திருக்கிறார். தொப்பை போட்டிருந்தது. தலைமுடிக்குச் சாயம் அடித்திருந்தார். என் முகத்தை நேராகப் பார்த்து, "உக்காருங்க, டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். அடையாளம் தெரியவில்லை அவருக்கு. அந்த டீயை நான் குடிக்கவில்லை.

என்னிடம் அங்கே முப்பத்தொரு பெண்கள் வேலை செய்தார்கள். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள். மூன்றாம் மாதமே அவரிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. கேண்டீன் பெண்கள் ஹாலில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. கறை படிந்த துணியோடு உட்கார்ந்தால் வெளிநாட்டு விருந்தாளிகள் பார்ப்பார்களாம். அன்றிலிருந்து என் பெண்கள் பாத்திரம் கழுவுகிற இடத்தில், ஈரத் தரையில், நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். நான் போய்ப் பேசினேன். "ரூல்னா ரூல்தான்" என்றார். பழைய கோபத்தோடு புதுக் கோபமும் சேர்ந்தது. காத்திருந்தேன்.

அந்தக் கம்பெனியில் ஆயுத பூஜை அன்று ஒரு வழக்கம் உண்டு. மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்த பிறகு, சரக்கு ஏற்றுகிற ஷெட்டைக் காலி செய்து, பாய் விரித்து, தரையில் பந்தி போடுவார்கள். அன்றைக்கு அதிகாரிகள்தான் தொழிலாளிகளுக்குப் பரிமாற வேண்டும். சொல்வது அப்படி. நடப்பது வேறு. இடுப்பில் துண்டு கட்டுவார்கள், ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றுவார்கள், போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். மிச்சம் முழுவதையும் என் பெண்கள் ஓடி ஓடிப் பரிமாறுவார்கள்.

பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் மூத்தவளான பெண்ணைக் கூப்பிட்டேன். கணவனை இழந்து, இரண்டு பெண் பிள்ளைகளை இந்த வேலையை வைத்தே படிக்கவைக்கிறவள். பழைய வாளிக் கதையையும் என் திட்டத்தையும் சொன்னேன். நீங்கள் முப்பத்தொரு பேரும் முதல் பந்தியில் உட்காருங்கள், அவர் பரிமாறட்டும்.

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாண்ணா சொல்றீங்க? அடுத்த மாசம் காண்ட்ராக்ட்டு முடியுது. கையெழுத்து அவர் கையில கீது. உங்க கோவத்துக்கு எங்க பொழப்ப ஏன்ணா இழுக்குறீங்க?"

"நீங்க நின்னுகினு சாப்பிடறதுக்கு உனக்குக் கோவம் வரலியாம்மா?"

"வருது. வூட்டுக்குப் போனா புள்ளைங்க பசிக்குதுன்னும். அப்போ கோவம் போய்டுது."

எனக்குச் சுருக்கென்றது. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. பழி என்னுடையது, பணயம் அவர்களுடையது. ஆனாலும் விட எனக்கு மனசில்லை.

"வேலை போச்சுன்னா என் மத்த கேண்டீன்ல இடம் கொடுக்கிறேன்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். ஒருத்தரைக்கூட விட மாட்டேன்."

"உங்க சம்சாரத்து மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன்.  அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்: "அப்படின்னா ஒண்ணு. அவரு ஊத்துனா நான் கேட்டுக் கேட்டு வாங்குவேன். நடுவுல நீங்க மனசு இளகி ஓடியாந்து வாளியை வாங்கிக்கக் கூடாது."

"நானும் இலையில உக்காந்துடறேன்" என்றேன்.

பூஜை நாள் வந்தது. ஷெட்டில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். அவர் மைக்கைப் பிடித்தார். "தலைவன் என்பவன் உட்கார்ந்து உத்தரவு போடுபவன் அல்ல. பிறருக்குச் சேவை செய்பவனே தலைவன்" என்றார். ஏதோ பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல. எல்லோரும் கை தட்டினார்கள். எல்லோரையும்விட அதிகமாகத் தட்டியவன் நான்தான். படிக்காதவன் இல்லையா, சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

வாளிகளை நான்தான் நிரப்பினேன். மற்ற அதிகாரிகளுக்குப் பாதி. அவருக்கு விளிம்பு வரை.

முதல் பந்தியில் தொழிலாளிகளோடு என் பெண்கள் முப்பத்தொரு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். எல்லோரும் துவைத்த சேலை, தலையில் பூ. அந்த மூத்தவளுக்குப் பக்கத்து இலையில் நான். கம்பெனியின் எம்.டி. வெளிநாட்டுக்காரர். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, சிரித்த முகமாக அப்பளம் வைத்துக்கொண்டே வந்தார். ஒரு வரிசை முடித்துவிட்டு இன்னொரு கூடை கேட்டார். போட்டோ எடுத்த கையோடு நழுவப் பார்த்த எங்கள் ஆள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். எம்.டி. அப்பளம் வைக்கும்போது இவர் வாளியை வைக்க முடியுமா?

முதல் பத்து இலை வரை சமாளித்தார். அதற்குப் பிறகு வாளி சாய்ந்தது. துண்டில் சாம்பார் கொட்டியது. என்னருகில் வரும்போது நெற்றியில் வேர்வை.

"ஆளுங்க எங்கய்யா?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"உக்காந்திருக்காங்க சார்."

"நீ வந்து வாளியை வாங்கு."

"இலையில உக்காந்துட்டேன் சார். பாதியில எழுந்தா சாப்பாட்டுக்கு மரியாதை இல்ல."

பக்கத்தில் இருந்தவள் இலையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு குரலை உயர்த்தினாள்: "சார், குனிஞ்சி ஊத்துங்க சார். மாடியிலேர்ந்து ஊத்தறா மாதிரி ஊத்தறீங்களே, பொடவையெல்லாம் தெறிக்குது."

வரிசை முழுக்கச் சிரிப்பு. அவர் குனிந்தார். ஊற்றினார்.

"சார், காய் வரல. முருங்கக்கா ரெண்டு பாத்துப் போடுங்க."

தேடிப் போட்டார்.

"இன்னும் ஒரு கரண்டி சார். நின்னுகினே துன்னு துன்னு எங்களுக்கு வவுறு நெறஞ்சதே கெடையாது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எம்.டி. பக்கத்தில் இருந்தவரிடம் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். அந்த ஆள் ஏதோ இங்கிலீஷில் சொன்னார். எம்.டி.யின் சிரிப்பு நின்றுபோனது.

எங்கள் ஆள் என் இலைக்கு வந்தார்.  விரல்களில் கைப்பிடி பதிந்து சிவப்புக் கோடு. எனக்குத் தெரியும் அந்தக் கோடு. இத்தனை வருஷம் நான் காத்திருந்த நேரம் அதுதான்.

"என்னைத் தெரியுதா சார்? இதே கம்பெனி. ரெண்டாவது வடை வைச்சேன்னு நிறை வாளியோட ஹால் நடுவுல நிக்க வைச்சீங்களே."

அவர் என்னைப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

"நானா? எப்போ?"

அவ்வளவுதான். அந்த ஆளுக்கு ஞாபகமே இல்லை. எத்தனை பேரை நிற்க வைத்திருந்தால் ஒருவன்கூட ஞாபகத்தில் தங்காமல் போவான்! வரிசையின் கடைசி வரை அவர் ஊற்றி முடித்தார். நான் நன்றாகவே சாப்பிட்டேன். ஆனால் முழு ருசி இல்லை.

அடுத்த மாதம் கான்ட்ராக்ட் எனக்கு நீட்டிக்கப்படவில்லை. ஒரே வரிக் கடிதம். எதிர்பார்த்ததுதான். புதிதாக வந்த கேண்டீன்காரர் தன் ஆட்களோடு வந்தார். முப்பத்தொரு பேரும் கேட்டுக்கு வெளியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மைக்கில் பேசுகிறவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்பது அன்றைக்குத்தான் தெரிய வேண்டியிருந்தது. என் மற்ற கேண்டீன்களில் அத்தனை இடம் காலியாக இல்லை. என் மைத்துனன், அவன் மகன், என் தங்கை வீட்டுக்காரர் என்று சூப்பர்வைசர் பெயரில் சட்டை கசங்காமல் சுற்றிக்கொண்டிருந்த சொந்தக்காரர்களை எல்லாம் வேலையிலிருந்து எடுத்தேன். வீட்டில் பெரிய சண்டை. தங்கை இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. என் சம்சாரம் மட்டும், "என் தலைமேல சத்தியம் பண்ணிட்டுல்ல வந்திருக்கே, செய்யாம போனா தெரியும் சேதி" என்றாள். முப்பது பேருக்கு இடம் கிடைத்தது. முப்பத்தொன்றாவது ஆளுக்காக, மறைமலை நகர் கேண்டீனில் எனக்கென்று இருந்த ஆபீஸ் அறையைக் காலி செய்து, அங்கே டீக்கடை போட்டுக் கொடுத்தேன். இப்போது நான் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறேன். அதிலும் ஒன்றும் குறைவில்லை.

என் கேண்டீன்களில் பெண்கள் ஹாலில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு சூப்பர்வைசர்தான் பரிமாற வேண்டும். நான் போகிற நாளில் நான் பரிமாறுவேன். முதுகு வலிக்கும். ஆனாலும் குனிவேன்.

போன ஆயுத பூஜைக்கு அந்த அதிகாரி லீவு என்று அங்கே இருக்கிற செக்யூரிட்டி சொன்னானாம். சிரித்துக்கொண்டே வந்து சொன்னது அந்த மூத்தவள்தான். "பாவம்ணா, வயசான மனுஷன், மன்னிச்சி வுட்ருங்க" என்றாள். அவள் மன்னித்துவிட்டாள் போலிருக்கிறது. அது அவள் பெரிய மனசு.

நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். தான் என்ன செய்தோம் என்பதே தெரியாமல் ஒருவர் நடமாடிக்கொண்டிருக்கிறார். முதலில் அவருக்கு ஞாபகம் வரட்டும். பிறகு பார்க்கலாம்.